கூலியா, விலையா? காட்டுப் பொருள் வணிகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடுக்காய் பொறுக்கி, சீயக்காய் பறித்து, ஈச்ச மார் அறுத்து, தேன் எடுத்துப் பிழைக்கும் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்கள் நாங்கள். கூட்டங்களிலும் சந்தைகளிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் உண்டு, மலையடிவாரத்துப் பஞ்சாயத்துத் தலைவிகளும் உண்டு. நீலகிரி, சத்தியமங்கலம், அவற்றை ஒட்டிக் கர்நாடகப் பக்கம் கிடக்கும் பிலிகிரிரங்கன் மலை ஆகிய காடுகளை மனத்தில் வைத்தே பெரும்பாலும் பதில் சொல்லியிருக்கிறோம்.

'சிறு வனப் பொருள்' என்றால் எவை?

மரத்தை வெட்டாமல் காட்டிலிருந்து கிடைப்பவை. எங்கள் பக்கத்தில் கடுக்காய், தான்றிக்காய், நெல்லி, சீயக்காய், பூந்திக்கொட்டை, புளி, புங்கன் விதை, கல்பாசி, கருங்குங்கிலியம், நன்னாரி வேர், மாகாளிக்கிழங்கு, ஈச்ச மார், தேன், மெழுகு. சட்டம் மூங்கிலையும் பிரம்பையும்கூட இதில் சேர்க்கிறது.

'சிறு' என்பது மரத்தின் வருமானத்தோடு ஒப்பிட்டு வனத்துறை வைத்த பெயர். பொறுக்குகிற குடும்பத்தின் கணக்கு வேறு. பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடிக் குடும்பங்களின் ரொக்க வருமானத்தில் ஏறத்தாழப் பாதி இந்தப் பொருள்களிலிருந்தே வந்தது என்று 1990களில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

கடையில் நல்ல விலைக்கு விற்கிறதே, பொறுக்குகிறவருக்கு ஏன் அவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது?

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். இடைத்தரகர் கொள்ளையடிக்கிறார் என்று ஒரு வரியில் பலர் பதில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

ஒரு மூட்டை நெல்லிக்காய் மலையிறங்கும் வழியைப் பாருங்கள். நெல்லியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பறித்த சில நாளில் விற்றாக வேண்டும், இல்லையென்றால் அழுகிவிடும். வீட்டில் காய வைக்கக் களம் கிடையாது, முற்றத்தில் போட்டால் ஆடு தின்னும், பனியில் நனைந்தால் கறுக்கும். ஆகவே பச்சையாகவே விற்கிறார்கள். வாங்க வருகிறவர் ஒருவர்தான். தராசு அவருடையது. சாக்கு எடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, தூசிக்கு ஒரு கழிவு என்று எடையிலிருந்து அவர் தள்ளிக்கொண்டே போவார். எடுத்து வந்த எடையும் காசு கிடைத்த எடையும் ஒன்றாக இருப்பதில்லை. இதற்கெல்லாம் மேலே முன்பணம் இருக்கிறது. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது அரிசிக்கு வாங்கிய கடன் அது. கடன் கொடுத்தவருக்கே காயைப் போட வேண்டும், அவர் சொல்வதே விலை.

ஆனாலும் அந்த வியாபாரியை வில்லனாக மட்டும் பார்த்தால் ஒன்றும் மாறாது. நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் ஜீப் அனுப்புகிறவரும் பல இடங்களில் அவரேதான். மூட்டை அழுகினால் நட்டம் அவருக்கு. அவரை அகற்றிவிட்டு அவர் செய்த வேலைகளை யாரும் எடுத்துச் செய்யாவிட்டால், அடுத்த பருவத்தில் மக்களே அவரைத் தேடிப் போவார்கள். அப்படிப் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. நெடுங்காலம் இந்தப் பொருள்கள் அரசின் சொத்தாக இருந்தன. வனத்துறை ஏலம் விடும், குத்தகைக்காரர் எடுப்பார், காட்டுக்குள் போய்ப் பறித்து வருகிற பழங்குடியினருக்குப் 'பறிப்புக் கூலி' தருவார். 1970களில் பழங்குடியினர் பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. நல்ல நோக்கத்தில் தொடங்கியவைதான். ஆனால் பல இடங்களில் சங்கத்தின் பெயரில் உரிமை இருக்க, கொள்முதலை நடத்தியது பழைய குத்தகைக்காரரே. பொறுக்கியவர் கையில் வந்தது அப்போதும் கூலிதான்.

கூலிக்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு வெறும் சொல் வேறுபாடில்லை. கூலி வாங்குகிறவர் உழைப்பை மட்டும் விற்கிறார், பொருள் வேறொருவருடையது. விலை வாங்குகிறவர் பொருளின் சொந்தக்காரர், வேண்டாமென்றால் விற்காமல் வைத்திருக்கலாம். இந்த வணிகத்தால் வறுமை குறையுமா என்று கேட்டால், பொறுக்குகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

சட்டப்படி இவை யாருக்குச் சொந்தம்?

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(சி), பழங்குடியினருக்கும் மரபுவழிக் காட்டுவாசிகளுக்கும் தாங்கள் வழிவழியாகச் சேகரித்துவரும் சிறு வனப் பொருள்கள் மீது உடைமை உரிமை தருகிறது. எடுக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். 2012ல் விதிகள் திருத்தப்பட்டபோது மேலும் இரண்டு செய்திகள் தெளிவாயின. சேகரிப்புக்கு எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. பொருளைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையின் குழுவே வழங்கலாம்.

அந்தச் சீட்டு சின்னக் காகிதம்தான். ஆனால் சோதனைச் சாவடியில் லாரியை மறிக்கும்போது பொருள் யாருடையது என்று சொல்வது அதுவே. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா-லேகா என்ற கோண்டு பழங்குடிக் கிராமம் 2009ல் சமூக வன உரிமை, அதாவது காட்டின் மேல் ஊருக்கே பொதுவான உரிமை, பெற்றது. ஆனாலும் தன் மூங்கிலை விற்கச் சீட்டு கிடைக்காமல் போராடியது. 2011 ஏப்ரலில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையின் கையில் கொடுத்தார். அதன் பிறகுதான் ஊர் தன் மூங்கிலைத் தானே விலை பேசி விற்றது.

தமிழ்நாட்டில் இது தாமதம். நீதிமன்ற ஆணையால் 2008 முதல் உரிமைப் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகே வேலை நகர்ந்தது. உங்கள் ஊரில் தனிநபர் பட்டா மட்டும் கேட்டிருந்தால், சமூக உரிமைக்கும் கிராம சபையில் தனியாக மனுக் கொடுங்கள். பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

விற்கத் தொடங்கினால் காடு மொட்டையாகாதா?

ஆகலாம். எந்தப் பகுதியை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. உதிர்ந்த கடுக்காயைப் பொறுக்குவதால் மரத்துக்குச் சேதமில்லை. கிளையை வெட்டிப் பறித்தால் சேதம் உண்டு. வேரைத் தோண்டினால் செடியே போய்விடும்.

மாகாளிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மோரில் ஊறிய அந்த வாசனைக்குத் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் மயங்குகின்றன! ஆனால் அது பெரும்பாலும் காட்டிலிருந்து தோண்டி வந்தது. பாறை இடுக்குகளில் மெல்ல வளரும் கொடி, முழுக்கிழங்கையும் எடுத்துவிட்டால் மீள்வதில்லை. அழியும் ஆபத்திலுள்ள இனமாக அது பட்டியலிடப்பட்டிருக்கிறது. நமீபியாவிலும் அதை அடுத்த நாடுகளிலும் மூட்டுவலி மருந்துக்காக 'டெவில்ஸ் கிளா' என்ற கிழங்கைத் தோண்டுகிறார்கள். அங்கே பயிற்சி பெற்றவர்கள் தாய்வேரைத் தொடுவதில்லை. பக்கக் கிழங்குகளில் சிலவற்றை மட்டும் எடுத்து, குழியை மணலால் மூடிவிட்டு, அந்த இடத்துக்குச் சில ஆண்டுகள் ஓய்வு கொடுக்கிறார்கள். மாகாளிக்கும் அப்படி ஒரு கட்டுப்பாட்டை ஊர் வைத்துக்கொள்ளாவிட்டால் அதைச் சந்தைக்கு விடக் கூடாது என்பது எங்கள் கருத்து. காட்டுக்கிழங்குக்கு 'ஆர்டர் இருக்கிறதா' என்று கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்றே சொல்லியிருக்கிறோம்.

மறுபக்கம், எல்லாப் பழியையும் அறுவடையின் மேல் போடுவதும் தவறு. பிலிகிரிரங்கன் மலையில் நெல்லி மரங்கள் குறைந்துவந்தன. அதிகம் பறிப்பதால்தானோ என்று ஆய்வாளர்கள் தேடினார்கள். சோலிகர்கள் வேறு சொன்னார்கள். மரத்தைக் கொல்வது புல்லுருவி, தரையில் கன்று முளைக்க விடாமல் செய்வது உண்ணிச்செடி, இரண்டும் பெருகியது 'தரகு பெங்கி' என்று தாங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் வைக்கும் சருகுத் தீயை நிறுத்திய பிறகுதான் என்றார்கள். நெடுநாள் அளவெடுத்துப் பார்த்ததில், புல்லுருவி தொற்றிய மரங்கள் அதிகம் சாவதும் உண்ணி புதிய கன்றுகளை அமுக்குவதும் உறுதியாயின. இதற்கிடையே 2000களின் நடுவில், சரணாலயம் என்பதால் விற்பனைக்காகச் சேகரிப்பதே அங்கே நின்றது. 2011ல் அந்த மக்களின் கிராம சபைகளுக்குச் சமூக உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே முதல் முறை.

நெல்லி பறிக்கப் போகிறவர்தான் எந்த மரத்தில் புல்லுருவி ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார், வழியில் அந்தக் கிளையைக் கழித்துவிடுகிறார். அவரை வெளியே நிறுத்தினால் அந்தக் கண்ணும் வெளியே போகிறது.

பறிப்பதிலும் அளவு வேண்டும். கீழே விழுந்த நெல்லியைப் புள்ளிமானும் சருகுமானும் தின்று, பிறகு அசைபோடும்போது கொட்டையை வேறிடத்தில் துப்புகின்றன. புதிய மரம் அப்படித்தான் முளைக்கிறது. மரத்துக்குக் கொஞ்சம், மானுக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு எடுக்கும் பழைய வழக்கம் இதைத் தெரிந்துதான் வந்திருக்க வேண்டும். குத்தகைக் காலத்தில் அந்த வழக்கம் உடைந்தது. ஓராண்டுக் குத்தகைக்காரருக்கு அடுத்த ஆண்டு மரம் எப்படி இருந்தால் என்ன?

அரசு ஆதரவு விலை இருக்கிறதாமே?

இருக்கிறது. 2013-14ல் நடுவண் அரசு தொடங்கியது. முதலில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் (அரசியலமைப்பு பழங்குடியினருக்கெனத் தனியாகக் குறித்த பகுதிகள்) உள்ள மாநிலங்களுக்கு மட்டும், பிறகு எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. 2020 மே மாதத் திருத்தத்தில் காட்டுத்தேன் கிலோ 225 ரூபாய், கொட்டையுள்ள புளி 36 ரூபாய், கடுக்காய் 15 ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

அந்த விலைக்கு வாங்க ஆள் வந்தால்தான் அது விலை. கொள்முதல் நிலையம் இல்லாத மலையில் அறிவிப்பு வெறும் காகிதம். ஆனாலும் அந்தக் காகிதத்துக்கு ஒரு பயன் உண்டு. ஊரில் எழுதி ஒட்டிவைத்தால் பேரம் அந்த எண்ணிலிருந்து தொடங்கும்.

2018ல் வந்த 'வன் தன்' திட்டத்தில் சுமார் 300 பேர் சேர்ந்த மையத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். பணம் பெரும்பாலும் எந்திரத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் அனுபவத்தில் எந்திரத்துக்கு முன் வேண்டியது களமும் கூரையும்.

குழு தொடங்க விரும்புகிறோம். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

தராசிலிருந்து. ஊருக்குச் சொந்தமான, முத்திரையிட்ட தராசு ஒன்று வாங்கி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். வியாபாரிக்கே விற்றாலும் இங்கே எடைபோட்டுவிட்டுத்தான் விற்பது என்று முடிவெடுங்கள். கழிவு அன்றே குறையும்.

அடுத்தது உலர்களம். எல்லாப் பொருளையும் எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், முதல் பருவத்துக்கு இரண்டு போதும். கெடாத பொருளாக இருக்கட்டும். சீயக்காயும் கடுக்காயும் நல்ல தொடக்கம், நெல்லியை இரண்டாம் ஆண்டுக்கு விடுங்கள். 100 கிலோ பச்சை நெல்லியைக் கொட்டை எடுத்து உலர்த்தினால் 20 கிலோகூடத் தேறாது. ஆகவே வற்றல் விலையைப் பச்சைக்காய் விலையோடு ஒப்பிடும்போது ஏமாந்துவிடாதீர்கள், கூலியையும் விறகையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சீயக்காயை விதை நீக்கிக் கொடுத்தால் விலை ஏறும். ஆனால் அதன் தூள் மூக்கிலும் கண்ணிலும் ஏறி வதைக்கும், அந்த வேலையைச் செய்பவர்கள் பெண்கள். மூக்குத்துணியும் காற்றோட்டமான கூடமும் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

நாங்கள் தொடங்கிய முதல் ஆண்டு கடுக்காயைச் சரியாகக் காயாமலே சாக்கில் கட்டினோம். வாங்குகிறவர் கிடங்கில் பிரித்தபோது உள்ளே பூஞ்சை. மொத்தச் சரக்கும் திரும்பியது. ஏற்றிக்கொண்டுபோன வண்டி வாடகையும் எங்கள் தலையில். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாக்கிலிருந்தும் நாலு காயை உடைத்துப் பார்க்காமல் கட்டுவதில்லை.

மூன்றாவது, கைமுதல். பலர் இதில்தான் தோற்கிறார்கள். காயைக் கொண்டுவரும் பெண்ணுக்கு அன்று மாலையே பணம் வேண்டும். 'விற்றதும் தருகிறோம்' என்று சொல்லும் குழு, சந்தை நாளுக்கு முன்பே காயை வியாபாரியிடம் இழந்துவிடும். பெரிய நிறுவனங்களோ சரக்குப் போய் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் அனுப்பும். அந்த இடைவெளியைத் தாங்கும் சுழல்நிதி இல்லாமல் தொடங்காதீர்கள். மழைக்காலத்தில் அரிசிக்குச் சிறு கடன் கொடுக்க ஓர் ஏற்பாடும் வேண்டும், இல்லையென்றால் முன்பணம் பழைய இடத்திலிருந்தே வரும்.

நீலகிரி, சத்தியமங்கலம் பகுதியில் இயங்கும் 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்' போய்ப் பார்க்க வேண்டிய இடம். கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பு பல ஆண்டுகள் தேன், காட்டுப் பொருள்களில் செய்த வேலையிலிருந்து 2013ல் அது உருவானது. பங்குதாரர்கள் பழங்குடி மக்களே, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 2021ல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசு பெற்றது. பரிசைவிட, ஊருக்கு அருகிலேயே அவர்கள் வைத்திருக்கும் பதனிடும் மையங்களைப் பாருங்கள். வேலை செய்பவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

காட்டில் பொறுக்குவானேன், வயலில் பயிரிட்டால் என்ன?

காட்டின் மேல் பாரம் குறையும், உண்மைதான். யார் பயிரிடுகிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். காந்தள் நம் மாநில மலர், அதன் விதை கீல்வாத மருந்துக்கு ஏற்றுமதியாகிறது. இன்று அது ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் பந்தலிட்டு வளர்க்கும் பணப்பயிர். அதன் முதல் கிழங்குகள் வந்தது காட்டிலிருந்தும் வேலியோரங்களிலிருந்தும். நிலமும் முதலும் உள்ள உழவர்களுக்கு நன்மை, அதை மறுக்கவில்லை. நிலமில்லாமல் கிழங்கு தோண்டி விற்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. நெல்லியிலும் அதேதான். தோட்டத்துப் பெருநெல்லி குவிந்தபோது நார் மிகுந்த சிறிய காட்டு நெல்லிக்கு மண்டியில் மதிப்புக் குறைந்தது.

ஆகவே பயிரிடுவதென்றால் பட்டா பெற்ற பழங்குடிக் குடும்பங்களின் நிலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம். மாகாளிக்கும் நன்னாரிக்கும் அதுதான் நல்ல வழி.

மூலிகையைப் பற்றிய பழங்குடியினர் அறிவுக்கு வருமானத்தில் பங்கு உண்டா?

1987ல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போன பி. புஷ்பாங்கதன் குழுவினர், வழிகாட்ட வந்த காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் ஏறுவதைக் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. கேரளத்தின் பாலோடு தாவரவியல் ஆய்வு நிலையம் அதைத் தயாரிக்கும் உரிமையை ஏழாண்டுக்கு ஒரு மருந்து நிறுவனத்துக்குக் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997ல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகமே எடுத்துக்காட்டாகப் பேசியது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். இலைக்குத் தேவை கூடியபோது, காட்டுக்குள் அதை வளர்த்து விற்க மக்களுக்கு வனத்துறை எளிதில் இசையவில்லை. திருட்டுத்தனமாகச் செடியைப் பிடுங்குவது பெருகியது. பங்கு எழுதப்பட்டது, பறிக்கும் உரிமை எழுதப்படவில்லை.

2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, நிறுவனங்கள் பயன்பெறும்போது மக்களுக்கும் பங்கு தர வேண்டும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. 2023ல் செய்த திருத்தம், நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு விலக்கு அளித்துவிட்டது. கடுக்காய் சேரும் திரிபலா போன்றவை எல்லாம் நூலில் இருப்பவைதானே. கடுக்காய் பொறுக்குகிறவருக்கு இது இழப்பு என்றே நினைக்கிறோம்.

வெளிநாட்டில் இந்த வணிகம் வென்ற இடம் உண்டா?

ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் பவோபாப் பழம். இலங்கையின் மன்னாரில் பெருக்கமரம் என்கிறார்களே, அந்த மரம்தான். அதன் புளிப்பு மாவை ஐரோப்பாவில் உணவாக விற்க அனுமதி இல்லாமல் இருந்தது. பைட்டோடிரேடு ஆப்பிரிக்கா என்ற வணிகச் சங்கம் ஆய்வுக் கோப்புகளைத் திரட்டி விண்ணப்பித்து, 2008ல் அனுமதி பெற்றது. தனித்தனிக் கிராமங்களால் ஒருநாளும் முடியாத வேலை அது. சந்தையின் கதவைத் திறக்கப் பலரும் சேர்ந்த ஒரு சங்கம் வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் வாங்கினால் விலை ஏறுமா?

வாங்குபவர் கேட்டால் மட்டும். காட்டு அறுவடைக்கென்றே 'ஃபேர்வைல்டு' என்ற தரம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் பக்கம் மகாதேவ் கோலி மக்கள் பொறுக்கும் தான்றிக்காய்க்கு அது கிடைத்தது. அந்தத் தான்றி மரங்களின் பொந்தில் இருவாச்சிப் பறவை கூடு வைக்கிறது. காய்க்கு நல்ல விலை வந்ததால் மரம் விறகாகாமல் நின்றது. தணிக்கைச் செலவை வாங்கும் நிறுவனம் ஏற்காவிட்டால் சிறு குழுவுக்கு அது கட்டுப்படியாகாது.

இதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வறுமையிலிருந்து வெளிவருமா?

வராது. சீயக்காய் சில வாரம், கடுக்காய் சில வாரம், தேன் சில வாரம். ஓராண்டு காய்க்கும், மறு ஆண்டு பொய்க்கும். யானை நடமாட்டம் இருந்தால் அந்தப் பக்கமே போக முடியாது. வேறு வருமானம் இல்லாத மாதத்தில் ரொக்கம் தருவதும், கந்துவட்டிக்குப் போகாமல் காப்பதும், பெண்கள் கையில் நேரடியாகப் பணம் சேர்வதும்தான் இதன் பலன். ராகி, ஆடு, நூறு நாள் வேலை, ஒரு பிள்ளையின் படிப்பு ஆகியவற்றோடு சேர்ந்தால்தான் குடும்பம் நிமிர்கிறது. 'காட்டுப் பொருளால் கோடீசுவரர்' என்று யாராவது பேச வந்தால் அவரிடம் கைமுதல் கொடுத்துவிடாதீர்கள்.

நகரத்தில் இருக்கும் நாங்கள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எந்த மலை, யார் பொறுக்கியது, அவருக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று கடையில் கேளுங்கள். பதில் சொல்ல முடிந்த கடையில் வாங்குங்கள். சீயக்காயைத் தூளாக வாங்காமல் காயாக வாங்கினால் கலப்படமும் தெரியும், பொறுக்கியவருக்கும் பங்கு கூடும். மாகாளி வாங்கினால் பயிரிட்டதா என்று கேளுங்கள்.

கடுக்காய் என்றால் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக, மஞ்சள் கலந்த பழுப்பாக, ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்ல காய் அடியில் அமிழும், பூச்சி அரித்தது மிதக்கும். மருந்துக்கு எடுக்கும்போது கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் எடுங்கள்.